கேளுங்கள், சொல்கிறேன்: கொரிய அலையும் கொரிய அரசாங்கமும்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, போகிற போக்கில், தென் கொரிய பாப் இசையைப் பற்றி, "கே-பாப் ஒன்றும் அரசாங்கம் பெற்ற பிள்ளை இல்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களும் வாட்ஸ்அப் செய்திகளும் கொஞ்சநஞ்சமில்லை. சிலர் கோபப்பட்டிருக்கிறார்கள், நிறையப் பேர் உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கிவைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

"கே-பாப் முழுக்க கொரிய அரசாங்கத்தின் திட்டம், அவர்களே பணம் போட்டுப் பாடகர்களை உருவாக்கி உலகம் முழுக்க அனுப்புகிறார்கள்" என்று ஹாஸ்டலில் ஒரு தோழி அடித்துப் பேசுகிறாள். எனக்குக் கோபமாக வருகிறது. யார் சொல்வது சரி?
— கல்லூரி மாணவி, திண்டுக்கல்

நியாயம் உங்கள் பக்கம்தான் அதிகம். ஆனாலும் தோழி சொல்வதை முழுப் பொய் என்று தள்ளிவிடாதீர்கள்.

பாடகர்களை உருவாக்குவது தனியார் கம்பெனிகள். 1995-ல் எஸ்.எம். என்டர்டெயின்மென்ட்டை ஆரம்பித்த லீ சூ மான் அதற்கு முன் பாடகராக இருந்தவர். சின்ன வயதிலேயே பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, வருடக்கணக்கில் பாட்டு, நடனம், வெளிநாட்டு மொழி எல்லாம் சொல்லிக்கொடுத்து மேடையேற்றுகிற முறையைப் பெரிய அளவில் நிலைநாட்டியவர் அவர்தான், அதைச் செய்யச் சொல்லி எந்த அமைச்சகமும் அவருக்கு உத்தரவு போடவில்லை. பி.டி.எஸ். பாடகர் குழு 2013-ல் அறிமுகமானபோது அவர்களுடைய பிக் ஹிட் கம்பெனி, எஸ்.எம்., ஒய்.ஜி., ஜே.ஒய்.பி. என்ற மூன்று பெரிய கம்பெனிகளுக்குப் பக்கத்தில் இருக்கும் இடம் தெரியாத ஒன்று. 2012-ல் யூடியூபில் முதன்முதலாக 100 கோடிப் பார்வைகளைத் தொட்டாரே பாடகர் சை, அவருடைய முதல் ஆல்பத்துக்கு 2001-ல் "பொருத்தமில்லாத வரிகள்" என்று அபராதம்தான் கிடைத்தது. ஸ்க்விட் கேம் தொடரின் கதையை இயக்குநர் ஹ்வாங் டாங் ஹ்யுக் எழுதியது 2008, 2009 வாக்கில். பத்து வருடம் அதைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தார், உள்ளூரில் யாரும் பணம் போட வரவில்லை, கடைசியில் அமெரிக்கக் கம்பெனியான நெட்ஃபிளிக்ஸ்தான் எடுத்தது. இதையெல்லாம் அரசாங்கம் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்தது என்றால் அந்த மனிதர்கள் பட்ட பாட்டை நாம் அழித்துவிடுகிறோம். எனக்கு அதுதான் வருத்தம்.

சரி, அப்படியானால் அரசாங்கம் என்ன செய்தது? வாய்க்கால் வெட்டியது. சட்டம், கடன், முதலீட்டு நிதி, இணைய வசதி, தூதரகம் வழியாகக் கதவு தட்டுவது, இவையெல்லாம் அதன் வேலை. ஒரு உதாரணம் சொல்கிறேன். 2004 வாக்கில் ஈராக்கின் வடபகுதியில் 3,000-க்கும் மேற்பட்ட கொரிய ராணுவத்தினர் இருந்தார்கள். அரபு மக்களிடம் நல்ல பெயர் வேண்டும் என்று நினைத்த சியோல் அரசு, 'விண்டர் சொனாட்டா' என்ற காதல் தொடரை எகிப்து தொலைக்காட்சியில் வரவைக்கத் தானே ஏற்பாடு செய்தது, அரபி வசன வரிகளுக்கான செலவையும் ஏற்றுக்கொண்டது. இப்படிப்பட்ட இடங்களில் உங்கள் தோழி சொல்வது சரிதான். ஆனால் அந்தத் தொடரை ஜப்பானில் அதற்கு முன்பே லட்சக்கணக்கான பெண்கள் அழுதுகொண்டே பார்த்தார்களே, அதற்கு எந்தத் தூதரகமும் காரணமில்லை.

'ஜுராசிக் பார்க்' படத்தைப் பார்த்துத்தான் கொரியா திருந்தியது என்கிறார்களே, கட்டுக்கதையா?
— வாசகர், நாகர்கோவில்

கட்டுக்கதை இல்லை. 1994-ல் அதிபர் கிம் யங் சாமுக்கு அவருடைய அறிவியல் தொழில்நுட்ப ஆலோசனைக் குழு ஓர் அறிக்கை கொடுத்தது. அந்த ஒரே படம் உலகம் முழுக்கச் சம்பாதித்தது 15 லட்சம் ஹூண்டாய் கார்களை ஏற்றுமதி செய்வதற்குச் சமம் என்று அதில் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார்கள். காரும் கப்பலும் இரும்பும்தான் தேசம் என்று நினைத்துக்கொண்டிருந்த அதிகாரிகளுக்கு, அவர்களுக்குப் புரிகிற கணக்கிலேயே சொன்ன அறிக்கை அது. அதே வருடம் கலாச்சார அமைச்சகத்தில் கலாச்சாரத் தொழிலுக்கென்று தனிப் பிரிவு வந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை வருவதற்கு முன்னாலேயே நடந்தது இது. அடுத்த வருடம், 1995-ல், சர்க்கரையும் மாவும் விற்றுக்கொண்டிருந்த சி.ஜே. குழுமம் ஹாலிவுட்டின் டிரீம்வொர்க்ஸில் 30 கோடி டாலர் போட்டது. ஆஸ்கர் வாங்கிய 'பாரசைட்' படத்துக்குப் பின்னால் நின்ற சி.ஜே. அதுதான்.

ஆனால் ஒன்று, அறிக்கை கொடுத்தவுடன் பாட்டு வந்துவிடாது. அடுத்த கேள்விக்கு வாருங்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது.

கொரிய அரசாங்கம் செய்த காரியங்களில் ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

கத்தரிக்கோலைக் கீழே வைத்தது. யோசிக்காமல் சொல்வேன்.

இன்றைக்கு கே-பாப் பையன்கள் தலைமுடிக்கு வெளிர் நீலம், ரோஜா நிறம் எல்லாம் அடித்துக்கொண்டு வருகிறார்களே, 1970-களில் அதே சியோல் தெருவில் போலீஸ்காரர்கள் கையில் கத்தரியோடு நின்று, காது மறைய முடி வளர்த்த இளைஞர்களைப் பிடித்து வெட்டிவிட்டார்கள். பெண்களின் பாவாடை முழங்காலுக்கு மேல் எத்தனை சென்டிமீட்டர் இருக்கிறது என்று அளவுகோல் வைத்து அளந்தார்கள். ராணுவத் தளபதியாக இருந்து ஆட்சியைப் பிடித்த பார்க் சுங் ஹீயின் காலம் அது. கொரிய ராக் இசையின் தந்தை என்று சொல்லப்படும் ஷின் ஜுங் ஹ்யுன், அதிபரைப் புகழ்ந்து பாட்டு எழுதச் சொன்னபோது மறுத்தவர். 1975-ல் கஞ்சா வழக்கில் அவரைப் பிடித்தார்கள். பார்க் 1979-ல் கொல்லப்படும்வரை அவரால் மேடையேற முடியவில்லை. 1975-ல் மட்டும் தடைசெய்யப்பட்ட பாட்டுகள் நூற்றுக்கணக்கில்.

இன்னொரு விஷயம் சொல்கிறேன், இதை முதன்முதலில் தெரிந்துகொண்டபோது எனக்கு மனசு கனத்தது. அந்த நாட்களில் எந்தப் பாடகர் இசைத்தட்டு போட்டாலும், நாட்டுப்பற்று, உழைப்பு, ஒழுக்கம் என்று அரசு சம்மதிக்கிற மாதிரியான ஒரு பாட்டை அதில் சேர்த்தாக வேண்டும். "நல்ல பாட்டு" என்று அதற்குப் பெயர். காதல் தோல்விப் பாட்டுகளாகவே இருக்கிற தட்டை முழுக்கக் கேட்டுவிட்டுக் கடைசிப் பாட்டுக்கு வந்தால், திடீரென்று அணிவகுப்பு மாதிரி ஒன்று ஒலிக்கும். பழைய கொரியத் தட்டுகளைச் சேகரிப்பவர்கள் இன்றைக்கும் அந்தக் கடைசிப் பாட்டைக் கேட்டிருப்பார்கள்.

1987-ல் மக்கள் தெருவில் இறங்கிப் போராடி ஜனநாயகத்தை வாங்கினார்கள். ஆனாலும் பாட்டை வெளியிடும் முன் வரிகளை ஒரு குழுவிடம் கொடுத்து அனுமதி வாங்கும் முறை மட்டும் போகவில்லை. ஜோங் டே சுன் என்ற நாட்டுப்புறப் பாடகர், 1990-லும் 1993-லும் அனுமதியே கேட்காமல் ஆல்பங்களை வெளியிட்டார், வழக்கைச் சந்தித்தார், சட்டத்தையே எதிர்த்து நின்றார். 1995-ல் அன்றைய உச்ச நட்சத்திரமான சோ டேஜியின் புதிய ஆல்பத்தில் ஒரு பாட்டின் வரிகளை மாற்றச் சொன்னது அந்தக் குழு. அவர் ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை. மொத்த வரிகளையும் எடுத்துவிட்டு வெறும் இசையாக அந்தப் பாட்டை வெளியிட்டார். வரிகள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வாத்தியம். அதைக் கேட்ட லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குத் தணிக்கை என்றால் என்ன என்று அந்த ஒரு பாட்டு சொல்லிக்கொடுத்தது. ரசிகர்கள் கொதித்தார்கள். 1996 ஜூனில் அந்த முறை ஒழிந்தது, அதே பாட்டு வரிகளோடு மறுபடி வந்தது. அக்டோபரில் அரசமைப்பு நீதிமன்றம் திரைப்படங்களுக்கான முன்தணிக்கையும் செல்லாது என்று சொல்லிவிட்டது.

வருடங்களைக் கவனியுங்கள். 1996-ல் தணிக்கை போனது. எச்.ஓ.டி. என்ற முதல் பெரிய ஐடல் குழு (கம்பெனி பயிற்சி கொடுத்து உருவாக்கிய இளைஞர் குழு) வந்தது அதே 1996-ல். பூசான் திரைப்பட விழா ஆரம்பித்ததும் அதே வருடம். 1997-ல் கொரியக் குடும்பத் தொடர் ஒன்று சீன மத்தியத் தொலைக்காட்சியில் பெரிய வெற்றி பெற்றது, அதற்கப்புறம்தான் "கொரிய அலை" என்ற சொல்லே சீனப் பத்திரிகைகளில் புழங்க ஆரம்பித்தது. அரசாங்கம் பணம் கொடுத்தது பிறகுதான். முதலில் கையை எடுத்தது. அதுவும் தானாக எடுக்கவில்லை ஐயா, பாடகர்களும் ரசிகர்களும் நீதிமன்றமும் சேர்ந்து எடுக்க வைத்தார்கள்.

1997-ல் கொரியா திவாலாகும் நிலையில் சர்வதேச நாணய நிதியமான ஐ.எம்.எஃப்.-இடம் கை நீட்டியது. அந்த நேரத்தில் போய் கலைக்கு எப்படிச் செலவு செய்தார்கள்?
— வணிகவியல் மாணவர், சேலம்

நல்ல கேள்வி. நிலைமை எவ்வளவு மோசம் என்றால், நாட்டின் கடனை அடைக்க மக்களே வரிசையில் நின்று தங்கம் கொடுத்தார்கள். சுமார் 35 லட்சம் பேர், 227 டன் தங்கம். கல்யாண மோதிரத்தையும், குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு வந்த சின்ன மோதிரத்தையும் கழற்றிக் கொடுத்திருக்கிறார்கள். நம் வீட்டில் தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுப்பதை நினைத்துப் பாருங்கள், அப்போது புரியும்.

1998 பிப்ரவரியில் பதவிக்கு வந்த கிம் டே ஜுங், பல வருடம் சிறையிலும் வீட்டுக்காவலிலும் இருந்தவர், மரண தண்டனைவரை போய் மீண்டவர். பெரிய தொழிற்சாலைகள் எல்லாம் கடனில் மூழ்கிக் கிடக்கும்போது, மூளையும் கணினியும் இருந்தால் போதும் என்கிற தொழில்களைப் பிடித்துக்கொண்டார். 1999-ல் கலாச்சாரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். 2000-ல் கலாச்சாரத்துக்கான ஒதுக்கீடு முதன்முறையாக மொத்த பட்ஜெட்டில் 1 சதவீதத்தைத் தொட்டது. கேட்பதற்குச் சின்னதாகத் தெரியும், கடன் வாங்கிய நாட்டுக்கு அது சின்னதில்லை. அதோடு நாடு முழுக்க அதிவேக இணையம். 2002-லேயே ஒரு கோடி இணைப்புகள். வேலை போன எத்தனையோ பேர் கையிலிருந்த கடைசிப் பணத்தைப் போட்டுக் கணினி விளையாட்டு நிலையங்கள் திறந்தார்கள், கொரிய கேம் தொழில் வளர்ந்தது அந்த அறைகளில்தான்.

அவர் சொன்ன ஒரு கொள்கை இன்றைக்கும் அங்கே மேற்கோள் காட்டப்படுகிறது: உதவி செய், தலையிடாதே. அப்புறம் அவர் செய்த மிகத் துணிச்சலான காரியம், 1998 அக்டோபரில் ஜப்பானிய சினிமாவுக்கும் சித்திரக்கதைகளுக்கும் கதவைத் திறக்க ஆரம்பித்தது. ஜப்பான் நம்மை அடிமைப்படுத்தி ஆண்ட நாடு, காயம் ஆறவே இல்லை, நம் கலை அழிந்துபோகும் என்று பலர் எதிர்த்தார்கள். நடந்தது என்ன? ஐந்தே வருடத்தில் கொரியத் தொடர் ஜப்பானில் ஓடியது.

கொரிய சினிமாவைக் காப்பாற்றியது ஸ்கிரீன் கோட்டாதான் என்கிறார்கள். அது என்ன?
— வாசகர், கோயம்புத்தூர்

ஒவ்வொரு தியேட்டரும் வருடத்துக்கு இத்தனை நாள் உள்நாட்டுப் படம் ஓட்டியே ஆக வேண்டும் என்கிற விதி. 1960-களிலிருந்து உண்டு, நெடுநாள் 146 நாளாக இருந்தது. ஹாலிவுட் கம்பெனிகள் நேரடியாகப் படம் விநியோகிக்க 1988-ல் வழி திறந்தபோது எழுந்த எதிர்ப்பில், அப்படி வந்த ஹாலிவுட் படம் ஓடிய தியேட்டருக்குள் பாம்பு விட்ட சம்பவம்கூட நடந்தது. அவ்வளவு பயம். 2006-ல் அமெரிக்காவோடு வர்த்தக ஒப்பந்தப் பேச்சு தொடங்கும் முன் அரசாங்கம் 146-ஐ 73 ஆகக் குறைத்தது. 'ஓல்ட்பாய்' நடிகர் சோய் மின் சிக் அரசு தனக்குக் கொடுத்த பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார், நடிகர்கள் ஒவ்வொருவராகப் பதாகையோடு தெருவில் நின்றார்கள்.

என் கருத்தைக் கேட்டால், கோட்டா உயிரைப் பிடித்து வைத்தது, உயிர் கொடுத்தது அது இல்லை. நாள் கணக்குக்காக எடுத்த எத்தனையோ மோசமான படங்கள் அந்தக் கோட்டாவில்தான் ஓடின. ரசிகனை இழுத்தது 1999-ன் 'ஷிரி'. உள்நாட்டு வசூலில் 'டைட்டானிக்'கையே தாண்டியது, அந்த நாட்களை விதி போட்டு வாங்கவில்லை.

அதிகம் சம்பாதிப்பது பாட்டா, சீரியலா, சினிமாவா?
— வாசகி, புதுச்சேரி

மூன்றும் இல்லை. கேம். 2022-ல் பாட்டு, படம், தொடர், கேம் எல்லாம் சேர்ந்த கொரியாவின் உள்ளடக்க ஏற்றுமதி 1,300 கோடி டாலருக்கு மேல். அதில் மூன்றில் இரண்டு பங்கு கணினி, மொபைல் விளையாட்டுகள். இசை 100 கோடி டாலரைக்கூடத் தொடவில்லை. அந்த வருடம் சிப் ஏற்றுமதி இதைப் போலப் பத்து மடங்கு.

அப்படியிருந்தும் அரசாங்கம் ஏன் விழுந்து விழுந்து பாட்டைப் பேசுகிறது என்றால், பாட்டுக்குப் பின்னால் முகப்பூச்சும் நூடுல்ஸும் செல்போனும் போகிறது. உள்ளடக்க ஏற்றுமதி 10 கோடி டாலர் கூடினால் மற்ற நுகர்வுப் பொருட்களின் ஏற்றுமதி 18 கோடி டாலர் கூடுகிறது என்று கொரிய ஏற்றுமதி இறக்குமதி வங்கியே 2022-ல் கணக்குச் சொன்னது. கேமுக்குக் கிடைத்த மரியாதை என்ன தெரியுமா? 2011 முதல் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணிவரை ஆன்லைன் விளையாட்டு ஆடக் கூடாது என்று சட்டம். பத்து வருடம் கழித்துத்தான் எடுத்தார்கள். ஒரே அரசாங்கம், ஒரு கையில் ஊக்கத்தொகை, இன்னொரு கையில் பூட்டு.

அரசாங்கம் கை வைத்துக் கெட்டுப்போன சம்பவம் ஏதாவது உண்டா? நல்லதையே சொல்கிறீர்கள்.
— வாசகர், யாழ்ப்பாணம்

நிறைய உண்டு. இதைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி, இந்தப் பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் பாதி உண்மைதான்.

2014 ஏப்ரல் 16-ல் செவோல் என்ற கப்பல் மூழ்கி 304 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் சுற்றுலா போன பள்ளிப் பிள்ளைகள். "இருக்கிற இடத்திலேயே இருங்கள்" என்று ஒலிபெருக்கியில் சொன்னதைக் கேட்டு அந்தப் பிள்ளைகள் அறைக்குள்ளேயே காத்திருந்தார்கள். அரசு ஏன் காப்பாற்றவில்லை என்று நாடே கேட்டது, கலைஞர்களும் கேட்டார்கள். அந்த மீட்புப் பணி பற்றிய ஓர் ஆவணப்படத்தைப் பூசான் விழாவில் திரையிடக் கூடாது என்று நகர மேயர் சொன்னார். விழாக்குழு திரையிட்டது. அடுத்த வருடம் மத்திய அரசின் திரைப்பட அமைப்பு விழாவுக்கான மானியத்தைக் கிட்டத்தட்டப் பாதியாக வெட்டியது, பிறகு விழா இயக்குநரும் வெளியேற வேண்டியதாயிற்று.

அதைவிடப் பெரிய விஷயம் 2016 அக்டோபரில் வெளியே வந்தது. கலைஞர்களின் கறுப்புப் பட்டியல். 9,473 பெயர்கள். செவோல் மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள், எதிர்க்கட்சி வேட்பாளரை ஆதரித்தவர்கள், இவர்களுக்கு அரசு நிதி கிடைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் பட்டியலின் வேலை. பார்த்துக்கொள்ளுங்கள், அடிக்கவில்லை, சிறையில் போடவில்லை, விண்ணப்பம் மட்டும் நிராகரிக்கப்படும், காரணம் சொல்ல மாட்டார்கள். ஒரு சின்ன நாடகக் குழு மூன்று வருடம் ஏன் தனக்கு மானியம் வரவில்லை என்று தெரியாமல் தன் நாடகம்தான் சரியில்லையோ என்று நினைத்துக்கொண்டிருக்கும். உதவி என்பதே கயிறாக மாறுகிற இடம் இது. இயக்குநர்கள் பாங் ஜூன் ஹோ, பார்க் சான் வூக், நடிகர் சாங் காங் ஹோ ஆகியோரின் பெயர்களும், 2024-ல் நோபல் வாங்கிய எழுத்தாளர் ஹான் காங்கின் பெயரும் இந்தப் பட்டியல் விவகாரத்தில் அடிபட்டன. கலாச்சார அமைச்சர் சோ யூன் சன் பதவியில் இருக்கும்போதே 2017 ஜனவரியில் கைதானார். அதிபர் பார்க் குன் ஹேயும் அதே வருடம் பதவி இழந்தார். அவர் யார் என்றால், மேலே சொன்ன பார்க் சுங் ஹீயின் மகள்.

சி.ஜே. குழுமத்தின் துணைத்தலைவர் மிக்கி லீயை விலகச் சொல்லி அதிபர் மாளிகையிலிருந்து நெருக்கடி கொடுத்ததும் அந்தக் காலத்தில்தான், அதற்காக அதிபரின் செயலாளர் ஒருவருக்குப் பிறகு தண்டனை கிடைத்தது. 2020 பிப்ரவரியில் 'பாரசைட்' நான்கு ஆஸ்கர் வாங்கியதே, சிறந்த படத்துக்கான விருதை வாங்க மேடையில் ஏறி மைக் பிடித்துப் பேசியவர்களில் ஒருவர் அந்த மிக்கி லீ. இயக்கியவர் பாங் ஜூன் ஹோ, நடித்தவர் சாங் காங் ஹோ. மூன்று பேரையும் ஒரே மேடையில் பார்த்தபோது நான் உண்மையிலேயே எழுந்து நின்று கைதட்டினேன்.

ஆட்சி மாறினாலும் இந்தப் பழக்கம் முழுசாகப் போகவில்லை. 2023 ஆகஸ்டில் சாரணர்களின் உலக ஜாம்போரி என்ற பெரிய முகாம் கொரியாவில் வெயிலாலும் ஏற்பாட்டுக் குளறுபடியாலும் நாறிப்போனது, புயலும் வர, சுமார் 40,000 பிள்ளைகளை முகாமிலிருந்து காலி செய்தார்கள். மானத்தைக் காப்பாற்ற ஆகஸ்ட் 11 அன்று சியோல் உலகக் கோப்பை மைதானத்தில் அவசர அவசரமாகக் கே-பாப் கச்சேரி. அரசுத் தொலைக்காட்சி தன் வாராந்திர இசை நிகழ்ச்சியை அன்று விட்டுக்கொடுத்தது. ராணுவத்தில் இருந்த பி.டி.எஸ். உறுப்பினர்களையும் கூட்டி வாருங்கள் என்று ஒரு நாடாளுமன்ற உறுப்பினரே கேட்டார். ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். பாடகர்கள் என்ன அரசாங்கத்தின் அவசரகாலத் தண்ணீர் லாரியா?

பி.டி.எஸ். பையன்களுக்கு ராணுவ சேவையிலிருந்து விலக்கு கொடுத்தார்களா இல்லையா?
— பள்ளி மாணவி, திருச்சி

கொடுக்கவில்லை. ஒலிம்பிக் பதக்கம், ஆசிய விளையாட்டில் தங்கம், அரசு பட்டியலில் உள்ள செவ்வியல் இசை, நடனப் போட்டிகளில் பரிசு, இவற்றுக்குத்தான் சலுகை. கால்பந்து வீரர் சன் ஹியுங் மின்னுக்கு 2018 ஆசிய விளையாட்டுத் தங்கத்தால் கிடைத்தது. பாப் பாடகர்களுக்கு 30 வயதுவரை தள்ளிப்போடலாம் என்று 2020-ல் திருத்தம் வந்தது, அவ்வளவுதான். 2021-ல் அவர்களை அதிபரின் சிறப்புத் தூதர்களாக்கி, தூதரக பாஸ்போர்ட் கொடுத்து ஐ.நா.வுக்கு அனுப்பிய அரசாங்கம்தான் இது. 2022 டிசம்பரில் ஜின் முதலில் போனார், 2025 ஜூனில் கடைசி ஆள் திரும்பினார்.

என் மகள் கொரிய மொழி வகுப்புக்குப் போகிறாள். கொரிய அரசாங்கமே நடத்துவதாம். பிள்ளையின் மூளையை மாற்றிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. பயிற்சிக்கு கொரியா போகிறேன் என்றும் சொல்கிறாள்.
— ஒரு தாய், சென்னை

பயப்படாதீர்கள் அம்மா. கிங் செஜோங் நிலையங்கள் கொரிய அரசின் உதவியோடு நடப்பவை என்பது உண்மைதான். 2007-ல் 3 நாடுகளில் 13 நிலையங்கள், இப்போது 80-க்கும் மேற்பட்ட நாடுகளில் 250-க்கும் மேல். பிரெஞ்சுக்கு அலியான்ஸ், ஜெர்மனுக்கு கோத்தே நிலையம் இருப்பதுபோலத்தான் இது. சென்னையில் 2006-லிருந்தே இன்கோ சென்டர் என்று இந்திய-கொரியக் கலாச்சார மையம் இருக்கிறது, இங்குள்ள தொழில் நிறுவனங்களும் அதற்குத் தோள் கொடுக்கின்றன. காஞ்சிபுரம் பக்கம் கொரியக் கம்பெனிகள் இருக்கும் ஊரில் ஒரு பிள்ளைக்குக் கொரிய மொழி தெரிவது சோறு போடும்.

பயிற்சிக்குப் போகிறேன் என்பதுதான் எனக்குக் கவலை. பாடகியாக வேண்டும் என்று சொல்கிறாள் என்றால் உட்கார வைத்துப் பேசுங்கள், திட்டாதீர்கள். பல வருடம் பயிற்சி, அறிமுகமாவோமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை, எடைக் கட்டுப்பாடு, வீட்டாரைப் பார்க்க முடியாத நாட்கள். 2009-ல் டி.வி.எக்ஸ்.கியூ. குழுவின் மூன்று பேர் 13 வருட ஒப்பந்தத்தை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள், அதே வருடம்தான் அந்நாட்டு வர்த்தகப் போட்டி ஆணையம் ஏழு வருடத்துக்கு மேல் போகாத மாதிரி ஒப்பந்தத்தை வகுத்தது. அரசாங்கம் உண்மையாகவே தலையிட வேண்டிய இடம் இது, இங்கேதான் தாமதமாக வந்தது. எந்த ஏஜென்சி முன்பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். மொழி வகுப்பு தொடரட்டும்.

சீனா கே-பாப்பைத் தடை செய்ததாமே?
— வாசகர், ஈரோடு

தடை என்று சீனா ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. 2016 ஜூலையில் அமெரிக்காவின் தாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பை வைக்கக் கொரியா சம்மதித்தது, அதற்கப்புறம் கச்சேரிகள் ஒவ்வொன்றாக ரத்தாயின, கொரிய நடிகர்கள் விளம்பரங்களிலிருந்து காணாமல் போனார்கள், 2021 டிசம்பர்வரை சீனத் தியேட்டர்களில் கொரியப் படம் புதிதாக வெளியாகவில்லை. ஒரு நல்ல விளைவு, ஒரே சந்தையை நம்பியிருந்த கம்பெனிகள் அமெரிக்கா பக்கம் திரும்பின. கெட்ட விளைவு, இப்போது நெட்ஃபிளிக்ஸை நம்பி நிற்கிறார்கள். 2025-ல் உலகத்தையே ஆட வைத்த 'கே-பாப் டீமன் ஹன்டர்ஸ்' படத்தை எடுத்தது சோனியின் அனிமேஷன் பிரிவு, வெளியிட்டது நெட்ஃபிளிக்ஸ். பாட்டும் கதையும் கொரியா, லாபம் வேறிடம். அந்தப் படம் பார்த்துவிட்டு சியோல் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கூட்டம் படையெடுத்தது, அந்த வருடம் வந்தவர்கள் 50 லட்சத்தைத் தாண்டினார்கள். கூட்டம் அவர்களுக்கு, உரிமை மற்றவருக்கு. இப்போதைய அரசு ஜே.ஒய்.பி.யின் பார்க் ஜின் யங்கைத் தலைவர்களில் ஒருவராக்கி, வெகுஜனக் கலாச்சாரப் பரிமாற்றத்துக்கென்று ஒரு குழு அமைத்திருக்கிறது. அந்தக் குழு முதலில் பேச வேண்டியது இதைத்தான் என்று நான் நினைக்கிறேன்.

வட கொரியா எல்லையில் கே-பாப் போடுகிறார்கள் என்பது உண்மையா?
— வாசகர், மதுரை

உண்மை. அரசாங்கமே நேரடியாகப் பாட்டைக் கையில் எடுத்த இடம் இதுதான். வட கொரியா 2016 ஜனவரியில் அணுகுண்டு சோதனை செய்ததும், தென் கொரிய ராணுவம் எல்லையில் சுவர் மாதிரி அடுக்கிய ஒலிபெருக்கிகளில் பெண்கள் குழுக்களின் பாட்டுகளைப் போட்டது. இரவில் 20 கிலோமீட்டருக்கு மேல் கேட்கும். 2018-ல் சமாதானப் பேச்சுக்காக நிறுத்தினார்கள், அந்த ஏப்ரலில் ரெட் வெல்வெட் குழு பியோங்யாங்கிலேயே பாடியது, கிம் ஜோங் உன் உட்கார்ந்து கேட்டார். 2020 டிசம்பரில் அதே வட கொரியா, தென் கொரிய நாடகம் பார்த்தால் 15 வருடம்வரை தண்டனை, பரப்பினால் மரண தண்டனை என்று சட்டம் போட்டது.

2024-ல் வடக்கிலிருந்து குப்பை கட்டிய பலூன்கள் வந்தன, ஜூனில் ஒலிபெருக்கி மறுபடி வந்தது, பி.டி.எஸ். பாட்டும் அதில் உண்டு. பதிலுக்கு வடக்கு என்ன போட்டது தெரியுமா? பாட்டு இல்லை. ஓநாய் ஊளையிடுவதுபோல, இரும்பை இரும்பில் தேய்ப்பதுபோல ஓர் ஓசை, ராத்திரி முழுக்க. காங்ஹ்வா தீவில் எல்லையோரக் கிராமத்து மக்கள் ஜன்னலுக்குத் தெர்மாகோல் வைத்து அடைத்துக்கொண்டு, தூக்க மாத்திரை போட்டுப் படுத்தார்கள். வயதானவர்களும் பள்ளிப் பிள்ளைகளும்தான் ரொம்பக் கஷ்டப்பட்டார்கள். 2025 ஜூன் 11 அன்று புதிய அதிபர் லீ ஜே மியுங் ஒலிபெருக்கியை அணைக்கச் சொன்னார். மறுநாள் வடக்கிலிருந்தும் அந்த ஓசை வரவில்லை. ஆகஸ்டில் ராணுவத்தினர் ஒலிபெருக்கிகளைக் கழற்றி எடுத்துப் போனார்கள், அந்தக் கிராமத்தில் ஜனங்கள் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்குகிறார்கள்.